பாலைவனத்தில் பகல் ஷிப்ட்

மூன்றாம் மாடி அக்கா பாலைவனம் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும் ஓட்டலின் சலவை அறை இரண்டுபட்டுவிட்டது. பின்னே? ஊர் சுற்ற வந்தவர்கள் தங்கிய அறைகளைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, அவர்கள் மறந்துவிட்டுப் போன செருப்பையும் சீப்பையும் எடுத்து வைத்தே பாதி ஆயுசைக் கழித்தவள். மூன்றாம் மாடியில் எந்தக் குழாய் சொட்டும், எந்த அலமாரிக் கதவு முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அங்கே நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் கீழே சலவை அறையில் இருப்பவர்கள் துள்ளி எழுந்திருப்பார்கள். ஆனால் தனக்கென்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது ஒரு ராத்திரி தங்கினாளா என்றால், கிடையாது. அதனால்தான் சில நாட்களாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துண்டுகளோடு துண்டாகத் தன் முந்தானையையும் சேர்த்து மடித்துவிட்டு, நகர முடியாமல் நின்றாள்.

"மணல்ல போய் என்னக்கா பாக்கப் போறீங்க? இங்க தினம் கூட்டித் தள்றது பத்தாதா?" என்று சலவை மெஷின்காரி சீண்டினாள்.

"கூட்ட வேண்டாத மணலப் பாக்கப் போறேன்டி. எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் எனக்கென்னன்னு காலை நீட்டி உக்காரப் போறேன்," என்றாள் அக்கா.

"யாரு கூட? வீட்டுக்காரர் கூடவா? அப்படி ஒருத்தர் இருக்கார்னு நீங்கதான் சொல்றீங்க. நாங்க யாரும் கண்ணால பாத்ததில்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டுக்காரர் ரொட்டிக்காரர். கடைவீதி பேக்கரியில் ராத்திரி வேலை. ஊர் அடங்கும்போது மாவு பிசைய ஆரம்பித்து, ஊர் விழிக்கும்போது சூடாக ரொட்டியை அடுக்கி வைத்துவிட்டு வீடு திரும்புவார். அவர் படியேறி வருவார், அக்கா படியிறங்கிப் போவாள். அந்த மாடிப்படித் திருப்பத்தில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. "பால் காய்ச்சி வெச்சிருக்கேன்." "ம்." "கேஸ் சிலிண்டர் வரும்." "ம்." "சாப்பிட்டுட்டுப் படுங்க." அதோடு சரி. சாயங்காலம் அவள் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் எழுந்து கிளம்பும் நேரத்தில் அவள் அசந்துபோய்க் கிடப்பாள். வாரத்துக்கு ஒரு நாள் லீவு இரண்டு பேருக்கும் உண்டு. அது ஒரே கிழமையில் விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆக்கியதில் பாதியைச் சாப்பிட்டு, மீதியை மற்றவருக்காகத் தட்டால் மூடி வைத்துவிட்டுப் போவார்கள். இதுதான் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட அழகு.

வீடு ஒரே அறை. ஓரமாகச் சமையல் மேடை, ஜன்னலில் கனத்த கறுப்புத் திரை. எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்குகிற வீட்டில் வாய்விட்டுப் பேச முடியுமா? கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கிசுகிசுப்பு அப்படியே நிலைத்துவிட்டது. கரண்டியைக்கூடப் பூ மாதிரி வைப்பார்கள். தும்மல் வந்தால் துணியால் பொத்திக்கொள்வார்கள். சண்டை போட்டாலும் காதோடு காதாகத்தான். மகளும் அப்படியே வளர்ந்தாள். "உங்க பொண்ணு பதில் சொல்றா, காதுலதான் விழமாட்டேங்குது," என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது, அக்கா பதிலுக்குச் சொன்னதுகூட டீச்சர் காதில் விழவில்லை. ஓட்டலில் இடி மாதிரி முழங்குகிறவளுக்கு வீட்டு விஷயம் என்று வந்தால் வீட்டுக் குரல்தான் வரும். அந்த மகள் இன்றைக்கு வேறு ஊரில் டெலிபோனில் பேசியே சம்பாதிக்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது!

போன வாரம் மாடிப்படித் திருப்பத்தில் ரொட்டிக்காரர் வழக்கத்துக்கு மாறாக நின்றார்.

"முதலாளி புது அடுப்பு வாங்குறார். இனிமே பகல்லயும் ரொட்டி போடப்போறாராம். பகல் ஷிப்டுக்கு என்னை மாஸ்டரா வரச் சொல்றார்," என்று கிசுகிசுத்தார்.

அக்கா இறங்க எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

"யாரைக் கேட்டு?"

"உன்னைத்தான்."

"என்னை என்ன கேக்குறது? உங்க இஷ்டம்."

"எனக்கென்ன? உன் இஷ்டம்தான்."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடிவிட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கோபம் வந்தது. பெண்டாட்டியோடு இருக்க ஆசைப்படுகிற மனுஷன் வாய் நிறைய சரி என்று சொல்லிவிட்டு வரமாட்டானா? கேட்டுச் சொல்கிறேனாம். பேக்கரியின் ராத்திரிச் சிநேகிதர்களை விட்டு வர மனசில்லை போலிருக்கிறது. சரி, வந்துவிடுங்கள் என்று தானே சொல்லிவிடலாம். சொல்லி, அந்த முகம் ஒரு நொடி வாடிவிட்டால்? அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. இன்னொரு பயமும் இருந்தது, அதை அவள் சலவை அறையில் யாரிடமும் சொல்லவில்லை. வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் சாயங்காலம் முழுக்க அவரோடு என்ன பேசுவது? பால், சிலிண்டர் இரண்டும் முடிந்துவிட்டால் அப்புறம்?

முதலாளி சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் அந்த இடம் பிஸ்கட்டுக்கு. பிஸ்கட் என்பது கூட வேலை செய்கிறவனின் பட்டப்பெயர். அவன் எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தான். அதே சனிக்கிழமைக்குத்தான் மகள் இந்தப் பாலைவனப் பயணத்தையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். போக வர பஸ், மத்தியானச் சாப்பாடு, ஜீப் சவாரி, கூடாரத்தில் தங்கல். "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கிறத நான் ஒரு போட்டோலயாவது பாக்கணும்," என்று போனில் உத்தரவே போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை ரொட்டிக்காரர் ராத்திரி வேலை முடித்த கையோடு நேராக பஸ்ஸுக்கு வந்துவிட்டார். சட்டையை மாற்றியிருந்தார், புருவத்தில் மட்டும் மாவு. அக்கா தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! காதோரம் நரைத்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்குப் பஸ்ஸிலேயே பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் எவ்வளவு நேரம் கோபித்துக்கொண்டு இருக்க முடியும்? ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குறைந்து, செடிகள் குறைந்து, வீடுகள் ஒன்றிரண்டாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பூமி அப்பட்டமாகக் கிடந்தது. திடீரென்று ஒரு வளைவில், மஞ்சளும் சிவப்புமாக, கண்ணுக்கு எட்டின தூரம் மட்டும் மணல்.

"ஏங்க! ஏங்க! மணல்!" கிசுகிசுப்பாகத்தான் கூப்பிட்டாள், ஆனால் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் அவர் முன் சீட்டில் முட்டிக்கொண்டார்.

விழித்துப் பார்த்தவர் அப்படியே ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டார். "அடேயப்பா," என்றார் மெல்ல. "இவ்வளவையும் யாரு சலிச்சது!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ்ஸை ஒரு தகரக் கூரைச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். நீளமான மர மேஜைகள், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலைவனம். மூலையில் ஒரு ஏர்கூலர் உறுமிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த மற்றவர்கள் கடையைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே கைகட்டி உட்கார்ந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பழக்கமில்லை, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் மெனு அட்டையைப் பார்த்தார். அவள் உப்பு ஜாடியைப் பார்த்தாள்.

பெரிய மீசை வைத்த சர்வர் வந்து நின்றார். "என்ன சாப்பிடுறீங்க சார்?"

"கோழி வறுவல், ரொட்டி," என்று கிசுகிசுத்தார் ரொட்டிக்காரர்.

"என்ன சார்?"

"எனக்குச் சாதம், பருப்பு," என்று அதைவிட மெல்லக் கிசுகிசுத்தாள் அக்கா.

சர்வர் குனிந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலும் தன்னால் இறங்கிவிட்டது. "சூப் ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்று அவரும் ரகசியமாகக் கேட்டார். பக்கத்து மேஜையில் ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்திருந்தது. இதைப் பார்த்ததும், இங்கே என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர்களும் குரலைத் தாழ்த்தினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த மேஜை. கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கக் குசுகுசு என்று ஆகிவிட்டது. ஏர்கூலர் ஒன்றுதான் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தது.

சாப்பாடு வந்தது. சூடாக, ஆவி பறக்க. அக்காவுக்குக் கண் கலங்கியது, சாப்பாட்டின் சூட்டினால் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ரொட்டிக்காரர் ரொட்டியைப் பிட்டு முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கான்," என்று தொழில் பொறாமை இல்லாமல் தலையாட்டினார். இரண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவள் பேச்சை எடுத்தாள்.

"முதலாளிக்குச் சொல்லணுமில்ல, இன்னைக்கு?"

"சொல்லணும். போன் பாத்தேன், இங்க சிக்னலே இல்ல." அவர் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்தார். "நீ என்ன நினைக்குறே?"

"நான் என்ன நினைக்கப் போறேன்? உங்க இஷ்டம்."

"ம். உனக்கு எது சௌகரியமோ அதான்."

போச்சு! மறுபடியும் அதே இடம். அக்கா எரிச்சலில் தட்டைப் பார்த்தாள். சாதம் சரியாகப் பாதி இருந்தது. கை தன்பாட்டில் பக்கத்திலிருந்த காலித் தட்டை எடுத்து அதை மூடியது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அவளுக்குப் பின்னாலேயே அவரும் வந்து கை கழுவினார். இரண்டு பேரும் திரும்பி வந்தால் மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"என் தட்டு எங்க?" என்றாள் அக்கா.

"என் தட்டையும் காணோமே!"

மீசைக்கார சர்வர் ஓடி வந்தார். "ரெண்டு பேரும் மூடி வெச்சிட்டு எழுந்து போனீங்களே சார்! போதும்னு நினைச்சு எடுத்துட்டேனே!"

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். "நீங்க ஏன் மூடுனீங்க?"

"நீ வந்து சாப்பிடுவேன்னு," என்றவர், பாதியில் நிறுத்தித் திருதிருவென்று விழித்தார். "நீ ஏன் மூடுனே?"

"நீங்க வந்து..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் வரவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போன ஜோடி உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? அசடு வழிய ஒருவரை ஒருவர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. மீசைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று எண்ணி ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்கிரீம் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒரே கிண்ணம், இரண்டு ஸ்பூன். ஸ்பூன்கள் டங் டங் என்று இடித்துக்கொள்ள, யாருக்கும் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்கள்.

அதற்கப்புறம் ஜீப். ஓட்டுகிறவர் ஒரு பெண். கறுப்புக் கண்ணாடி, தலையில் முண்டாசு, வாட்டசாட்டமான உடம்பு. "ஏறுங்கக்கா, ஏறுங்கண்ணே. கம்பியை நல்லாப் பிடிச்சுக்கோங்க, பல்லு செட்டு யாராவது போட்டிருந்தா கழட்டி பையில வெச்சுக்கோங்க," என்றார் ஜீப்காரம்மா. முதலில் சிவப்புப் பாறைகளுக்குக் கூட்டிப்போனார். காற்று குடைந்து குடைந்து நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை போட்ட பாறை. அந்த ஓட்டையில் இரண்டு பேரையும் நிற்க வைத்து மகளுக்காக ஒரு போட்டோ எடுத்தார். "பக்கத்துல நில்லுங்கண்ணே, சொந்தப் பொண்டாட்டிதானே!" ரொட்டிக்காரர் கூச்சத்தோடு ஒரு அடி நகர்ந்தார். தோளும் தோளும் உரசின. அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, இந்த வயதில் என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்து வற்றிப்போன ஒரு பெரிய ஏரி. தரை முழுக்க உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரொட்டிக்காரர் மூட்டை மூட்டையாக மைதா கொட்டிக் கிடக்கிறது என்றார். அக்கா, யாரோ ஒரு ராட்சசப் படுக்கைக்குச் சுருக்கம் இல்லாமல் விரிப்பு போட்டிருக்கிறார்கள் என்றாள். "நீ போட்டதா இருக்கும்," என்றார் அவர். அடடே, இந்த மனுஷனுக்குக் கேலி பேசவும் வருமா! அவள் ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

மணல்மேடுகள் வந்தன. ஜீப் ஒரு மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, உச்சியில் ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்று, அந்தப் பக்கம் தலைகுப்புறப் பாய்ந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெருங்குரல் வெடித்தது.

"அய்யய்யய்யோ! அப்படிப் போடு! விடாதே, விடாதே, இன்னொரு தடவை போடு!"

கண்ணைத் திறந்தாள். யார் இது? கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்று, வாய் கொள்ளாமல் சிரித்துக் கத்திக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். கரகரவென்று, கணீரென்று ஒரு குரல். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் குரலை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. ஜீப்காரம்மா உற்சாகமாகி அடுத்த மேட்டுக்கு விட்டார். "போடு தங்கச்சி!" என்று அவர் மறுபடி முழங்கினார்.

ஜீப் சமதரைக்கு வந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்து பழையபடி கிசுகிசுத்தார். "சத்தம் போட்டுட்டேனா? பேக்கரிப் பழக்கம். மாவு மிஷின் ஓடுறப்போ கத்தினாத்தான் கேக்கும். அங்க நான்தான் பாட்டெல்லாம் பாடுவேன்."

"பாடுவீங்களா!"

"ராத்திரி பூரா. நான் பாடலேன்னா பசங்களுக்கு வேலை ஓடாது."

அக்காவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. ஊரில் பிஸ்கட் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்த ஆளை அவளுக்கு மட்டும் தெரியாது. "என்கிட்ட ஒரு நாளும் பாடுனதில்லையே நீங்க," என்றாள்.

"நீ தூங்கிட்டு இருப்பியே," என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாக, இருக்கிறதிலேயே உயரமான மணல்மேட்டின் அடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது, மணல் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. மற்ற ஜீப்களில் வந்தவர்களும் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஒட்டகம் எதையோ அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

ரொட்டிக்காரர் போனை எடுத்து அப்படியும் இப்படியும் தூக்கிப் பார்த்தார். முகம் கவலையாகிவிட்டது. "தங்கச்சி, சிக்னல் எங்கயாவது கிடைக்குமா? பொழுது சாயுறதுக்குள்ள முதலாளிக்கு ஒரு பதில் சொல்லணும்."

"உச்சிக்கு ஏறுங்கண்ணே, ரெண்டு கோடு கிடைக்கும்," என்றார் ஜீப்காரம்மா.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு மண்டியிட்டு அவள் முட்டிகள் என்றைக்கோ தேய்ந்துவிட்டன, அந்த மேட்டில் ஏற முடியாது. "போய்ப் பேசிட்டு வாங்க," என்றாள். என்ன பேச வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஏற ஆரம்பித்தார். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. ஏறிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்கச் சின்ன உருவமாகிவிட்டார்.

அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இப்போது அவர் சொல்லப் போவதுதான் மிச்ச ஆயுசுக்கும். பிஸ்கட்டுக்கே கொடுத்துவிடுங்கள் முதலாளி என்று சொன்னாலும் சொல்வார். அவளுக்கு எதில் சௌகரியம் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார். அப்புறம் மாடிப்படி, பால், சிலிண்டர். என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஒருவர் அந்தப் படியில் வராமல் போவார்கள். அவ்வளவுதான் கதை.

உச்சியில் அவர் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. பேசினார். கையை ஆட்டினார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கீழே பார்த்துக் கத்தினார்.

"முதலாளி லைன்ல இருக்கார்! என்ன சொல்லட்டும்?"

"உங்க..." என்று அக்கா ஆரம்பித்தாள். இஷ்டம் என்ற வார்த்தையை மென்று விழுங்கினாள். "வாங்க," என்றாள். அது வீட்டுக் குரல். பக்கத்தில் நின்ற ஜீப்காரம்மாவுக்கே கேட்டிருக்காது.

"என்ன? கேக்கல!"

"பகலுக்கே வாங்க," என்றாள் இன்னும் கொஞ்சம் ஏற்றி. காற்று அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

"ஒண்ணும் கேக்கல! காத்தடிக்குது! சீக்கிரம் சொல்லு, அவர் வெச்சிடுவார்!"

இதற்குமேல் என்ன செய்வது? அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். சலவை அறையை நடுங்க வைக்கிற குரலை முழுசாக எடுத்து வெளியே விட்டாள்.

"வாங்க! பகலுக்கு வந்துடுங்க! நான் தனியாச் சாப்பிட்டது போதும்! எனக்கு நீங்க வேணும்!"

மணல்மேடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒட்டகம் மெல்லுவதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. ஜீப்காரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "அக்கா!" என்றார். அக்காவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. சொல்லிவிட்டாள், ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டாள். இனி அந்த முகம் வாடினாலும் வாடட்டும், இவ்வளவு தூரத்திலிருந்து தெரியப் போவதில்லை.

உச்சியில் அவர் அசையாமல் நின்றார். போன் கையில் தொங்கியது. பிறகு போனைக் காதில் வைத்து, கேட்டு, குனிந்து சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து கத்தினார்.

"நான் ஒண்ணும் சொல்லவேண்டாமாம்! முதலாளிக்கே கேட்டுடுச்சாம்! திங்கட்கிழமையில இருந்து பகல்!"

யாரோ கை தட்டினார்கள். அதற்குள் அவர் நடந்து இறங்கப் பொறுமையில்லாமல் மணலில் உட்கார்ந்து சறுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு செருப்பு தனியாக உருண்டு வந்தது. தலை, மீசை, சட்டைப் பை எல்லாம் மணலோடு அவள் காலடியில் வந்து விழுந்து, எழுந்து நின்று, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு குரல்?"

"என்னோடதுதான்."

"இத்தனை நாளா எங்க வெச்சிருந்தே?"

"மூணாவது மாடியில," என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீங்க மட்டும் என்னவாம்? வாய் நிறைய சரின்னு சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல? ஏன் சொல்லல?"

அவர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பயம்தான். நீ என்னைத் தூங்குறப்போதான் பாத்திருக்கே. முழிச்சிருக்கிற ஆளு உனக்குப் பிடிக்குமோ, பிடிக்காதோ. நான் ரொம்பச் சத்தம் போடுற ஆளும்மா."

"நான் மட்டும்?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜீப்காரம்மா ஒரு அடி தள்ளி நின்றார்.

"சரி, சரி! மெதுவாப் பேசேன். பக்கத்துலதானே நிக்கிறேன்."

"முடியாது," என்றாள் அக்கா, இன்னும் சத்தமாக.